தேடக் கற்றுக்கொடுத்த கணக்கு வாத்தியார்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும், ஆனால் ராஜா ராணி கதை வேண்டாம் என்று மலர்க்குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நூலகம் பற்றி எழுதுகிறேன். "ஐயோ, நூலகமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் எல்லோருடைய பிழைப்போடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அது தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். அதற்கு முன் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே பேராசிரியர் எட்வர்ட் ராஸிடம் கணிதம் பயின்று 1916-ல் எம்.ஏ. முடித்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். பிறகு மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது.

மனுஷனுக்கு அந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. வகுப்பு நிறையப் பையன்களைப் பார்த்துப் பழகியவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. சில நாட்களிலேயே "என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள்" என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகத் துறையைப் படித்து வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. போனார். நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தபின் வகுப்பறையைப் பற்றிப் பேசவே இல்லை. ஏனென்றால் நூலகமே ஒரு வகுப்பறை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் செய்தது என்ன? புத்தக அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். அதைவிட முக்கியம், வாசகருக்கு உதவ ஆள் வைத்தார். கேள்வியோடு வரும் மாணவனுக்குத் தான் என்ன தேடுகிறோம் என்பதே பாதி நேரம் தெரியாது. அவனிடம் நாலு வார்த்தை பேசி, கேள்வியைத் தெளிவாக்கி, எந்த நூலில், எந்த இதழில் பார்க்க வேண்டும் என்று காட்டுவதே அந்த உதவியாளரின் வேலை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம், 1929-ல் நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பு, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்று வரிசையாக வந்தன. வாசகனின் நேரம் வீணாகக் கூடாது என்பது அந்த ஐந்தில் ஒன்று.

லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் பார்த்தாராம். சில தகடுகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். பாடப்பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியது. அதுதான் 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. எஞ்சினியர்களாகிய நமக்கு இது புரியாமல் போகுமா?

இந்த முறையை நம் ஊர் ஏரியிலேயே சோதித்துப் பார்ப்போம். 'சிட்லபாக்கம் ஏரி' என்று மட்டும் தேடினால் கிடைப்பதெல்லாம் சமீபத்துச் செய்திகள்தான். கேள்வியைப் பிரியுங்கள். ஏரியின் பரப்பா, கழிவுநீர் கலப்பதா, ஆக்கிரமிப்பா? எந்த ஆண்டு? அப்போது இந்த ஊர் எந்த நிர்வாகத்தில் இருந்தது? பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் பிரிந்தபோது நாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனோம். 2019-ல் மறுபடி செங்கல்பட்டு. 2021-ல் பேரூராட்சி போய்த் தாம்பரம் மாநகராட்சி. ஆகவே 2005-ம் ஆண்டுத் தகவலைச் செங்கல்பட்டு என்று போட்டுத் தேடினால் பாதி கைக்கு வராது. நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி என்றால் க்ரோல் எழுதிய 1879-ம் ஆண்டு மாவட்ட மேனுவலில் தொடங்கி, எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? எடைபோட வேண்டாமா? ரங்கநாதன் பிறந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சில நூல்களில் 1892 ஆகஸ்ட் 9 என்று இருக்கும். வேறு சிலவற்றில் ஆகஸ்ட் 12. தேசிய நூலகர் தினம் கொண்டாடுவது 12-ம் தேதி. தேடுவது எப்படி என்று நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவரின் பிறந்த தேதியிலேயே இந்தக் கதி! பத்துப் பேர் ஒரே தேதியைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று அர்த்தமில்லை. ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியிருக்கலாம். முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், சொன்னதில் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா என்று கேட்க வேண்டும். வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லிவிட்டுப் போனதும் இதைத்தான்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, மண் பரிசோதனை பற்றி அழகான அறிக்கை கொடுத்தார். கடைசியில் ஆறு ஆதாரக் கட்டுரைகள். தேடிப் பார்த்தால் அதில் இரண்டு இந்த உலகத்திலேயே இல்லை! "ஏஐ கொடுத்தது சார், பார்க்க சரியாத்தான் இருந்துச்சு" என்றார். நல்ல பையன், புத்திசாலி. தேடியதைச் சரிபார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை நம்பி அஸ்திவாரம் போட்டிருந்தால்? கட்டடத்துக்கு ஏஐ என்றும் தெரியாது, எஞ்சினியர் என்றும் தெரியாது.

அச்சில் வந்துவிட்டால் நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்தே 2018 மே மாதத்தில் 4,305 ஆய்விதழ்களை நீக்கியது. 2019-ல் 'கேர்' என்று புதுப் பட்டியல் போட்டது. 2025-ல் அதையும் கைவிட்டு, இனி கல்வி நிறுவனங்களே எடைபோட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதே 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கி, அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டன. கதவு அகலத் திறந்தாயிற்று, காவல்காரர் போய்விட்டார். ஆய்வு நெறிமுறைப் பாடம் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயம். ஆனால் நம் பி.இ. பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் படி வரை போவதே இல்லையே! அவர்கள் நேராகப் போவது சைட்டுக்கும் தொழிற்சாலைக்கும்தான்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் நினைவுப் பரிசுக்கும் விருந்துக்கும் செலவழிக்கிறோம், சந்தோஷம். கூடவே முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம், நம் நூலகத்திலேயே ஒரு வகுப்பு வைப்போம். நடத்துவது நூலகர். ஒவ்வொரு வாரமும் நம்மில் ஒருவர் தன் தொழிலில் நிஜமாக வந்த ஒரு கேள்வியோடு போக வேண்டும். மாணவர்கள் அதைப் பிரித்து, தேடி, கிடைத்ததில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். மதிப்பெண் வேண்டாம். நூலகர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அவருக்கு உதவியாக, மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். அவருக்கான சம்பளத்தைச் சங்கம் ஏற்கலாம்.

ரங்கநாதன் நூறு வருஷத்துக்கு முன் தொடங்கியதைத்தான் கேட்கிறேன், புதிதாக ஒன்றுமில்லை. இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கை தூக்கினால் போதும்.