மெதுவாக வேகும் பானையும் இருபது கிராம் புரதமும்

கிட்னி பழுதான ஒருத்தருக்கு டாக்டர் "புரோட்டீனைக் குறைங்க"ன்னு சொல்லிடறார். வீட்டுல ஸ்லோ குக்கர் இருக்கு. கூட வந்த சமையல் குறிப்பைப் புரட்டினா எடுத்த எடுப்பிலேயே ஒரு கிலோ கறி! ரெண்டுக்கும் ஒத்தே வராதே? ஆனா இந்தப் பானையோட பூர்வீகம் வேற மாதிரி.

அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்ற எஞ்சினியர் 1936-ல் விண்ணப்பித்து 1940-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தூண்டுதல், லிதுவேனியாவில் பிறந்த அவருடைய அம்மா சொன்ன கதை. யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதனால் வெள்ளி சாயங்காலமே பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, வசதிக்கு ஏற்ப கொஞ்சம் கறி எல்லாம் பானையில் போட்டு ஊர் பேக்கரியில் கொடுத்துவிடுவார்களாம். ராத்திரி முழுக்க அடுப்பின் மிச்சச் சூட்டில் வெந்து மறுநாள் வீட்டுக்கு வரும். பேர் சோலன்ட். நாக்சன் தன் கருவியை விற்றது 'நாக்சன் பீனரி' என்ற பெயரில். பேரிலேயே பீன்ஸ்தான், கறி இல்லை, கவனிச்சீங்களா?

1970-ல் ரைவல் கம்பெனி அவரிடமிருந்து தொழிலை வாங்கி, 1971-ல் 'க்ராக் பாட்' என்று புதுப் பேர் வைத்தது. காலையில் போட்டுட்டு வேலைக்குப் போய் வந்தா சாப்பாடு ரெடி. பிய்த்துக்கொண்டு போனது. விலை மலிவான, நார் நாரான கறியெல்லாம் எட்டு மணி நேரத்தில் பஞ்சு மாதிரி ஆயிடும். ஏன்னா அதிலிருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிவிடுகிறது. 1975-ல் மேபிள் ஹாஃப்மன் எழுதிய 'க்ராக்கரி குக்கரி' லட்சக்கணக்கில் விற்றது. பீன்ஸ் பானை கறிப் பானையானது இப்படித்தான்.

இப்ப அந்தப் பக்கம். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த வால்ட்டர் கெம்ப்னர், ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1939-ல் ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோயாளிகளுக்கு வெறும் அரிசிச் சோறு, பழம், சர்க்கரை கொடுத்தார். நாளைக்குச் சுமார் 20 கிராம் புரதம், உப்பு சேர்க்கக் கூடாது. நம்மூர் ஆளுங்களே இதைத் தொடர்ந்து சாப்பிட மாட்டோம்!

1964-ல் இத்தாலியின் பீசா நகரில் ஜொவனெட்டியும் மாஜோரேயும் இதைச் செம்மைப்படுத்தினார்கள். புரதத்தை அடியோடு குறை, கொடுக்கிற கொஞ்சமும் முட்டை மாதிரி உடம்பு முழுசா பயன்படுத்தற புரதமா இருக்கட்டும், மிச்சப் பசிக்கு மாச்சத்தும் எண்ணெயும். கழிவு யூரியா குறைந்து, குமட்டலும் வாந்தியும் அடங்கின. அடுத்த வருஷமே மான்செஸ்டரில் பெர்லைன் அதை இங்கிலாந்து சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றினார். டயாலிசிஸ் இருந்தும் வெகு சிலருக்கே கிடைத்த காலம். பல பேருக்கு இந்தத் தட்டுதான் வைத்தியம். 1972-ல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்க சட்டம் கொண்டுவந்தபோது க்ராக் பாட்டுக்கு ஒரு வயசு.

சரி, ரெண்டையும் சேர்ப்பது எப்படி? கணக்குப் போட்டுப் பார்த்தால், பச்சைக் கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். புத்தகம் சொல்ற ஒரு கிலோவை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 கிராம் ஆச்சு. 60 கிலோ எடையுள்ளவருக்கு டாக்டர் கிலோவுக்கு 0.6 கிராம்னு வைத்தால் நாள் முழுக்கவே 36 தான். அதிலும் 200 கிராம் அரிசி வடித்தால் 14 போயாச்சு. அப்போ கறி 50 கிராம் தாங்கும், அவ்வளவுதான். அதைப் பொடிப்பொடியா நறுக்கி, முதல்ல வெங்காயத்தோடு எண்ணெயில் நல்லா சிவக்க வதக்கிப் போட்டா வாசனை பானை முழுக்க ஏறும். பானை பாதியாவது நிறையணும், இல்லேன்னா அடிப்பிடிக்கும். அந்த இடத்தை முட்டைகோஸும் சுரைக்காயும் நிரப்பட்டும். கெட்டிப்படுத்த பருப்பு, முந்திரி வேண்டாம். ஜவ்வரிசி போடலாம், அதில் புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். சேலத்துக்காரங்க சந்தோஷப்படலாம் :-)

பழைய சோலன்ட் மாதிரி பீன்ஸையும் அள்ளிப் போட முடியாது, அதுவும் புரதம்தான். சிவப்பு ராஜ்மாவை வேற இந்தக் குறைஞ்ச சூட்டில் நேரடியா போடவே கூடாது. தனியா 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க வைக்காட்டி விஷம். "எலும்பு சூப் மட்டும்தானே"ங்கிறவங்களுக்கு: கரைந்த ஜெலட்டினும் கணக்கில் சேரும், அதுவும் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமே இல்லாத மட்டமான புரதம். இன்னொண்ணு, இந்தப் பானையில் தண்ணியை வடித்துக் கொட்டுவதில்லை, காய்கறியின் பொட்டாசியம் குழம்பிலேயே தங்கிடும். பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ளவங்க காயைத் தனியா வேகவைத்து நீரைக் கொட்டிட்டுச் சேர்க்கணும். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். கலோரி பத்தலைன்னா உடம்பு தன் தசையையே எரிக்கும், அதுவும் யூரியாதான்.

1994-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 840 நோயாளிகளைப் பார்த்தும், புரதக் குறைப்பு நோயை எவ்வளவு தள்ளிப்போடும்னு தெளிவான பதில் கிடைக்கலை. அதனால யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டரும் டயட்டீஷியனும்தான் சொல்லணும். டயாலிசிஸ் ஆரம்பிச்சவங்களுக்கோ கணக்கு தலைகீழ். சிகிச்சையிலேயே புரதம் இழப்பதால் கூடுதலா சாப்பிடச் சொல்வாங்க. உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸைப் பார்த்துக்கிட்டா அவங்களுக்கு மேபிள் ஹாஃப்மன் புத்தகம் தோதுப்படும்.