ஏடும் அச்சும் பிறர் சொல்லும்: பதிப்பு நெறியின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

பிறர் எழுதிய சொல்லில் கைவைக்கும் உரிமை எவருக்கு உண்டு, அவ்வுரிமை எவ்வெல்லைவரை செல்லும் என்னும் வினா, பலர் கூடி ஒரே கட்டுரையை மின்வழியில் எழுதும் இக்காலத்தில் மீண்டும் எழுந்துள்ளது. இதனைத் தனிமனிதரின் இன்சொல், அடக்கம், பொறுமை என்பனவற்றின்பாற்பட்ட ஒன்றாகக் கொள்வதே பெருவழக்கு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. பனுவல் எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது, எவர் கையில் இருந்தது, எவருக்காகப் பெருக்கப்பட்டது என்பவற்றிலிருந்து பிரித்துத் திருத்துவோனின் நெறியை விளங்கிக்கொள்ள இயலாது. தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்ந்த வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஏடு அழியும் பொருள். பழைய சுவடி சிதையுமுன் புதிய சுவடியிற் பெயர்த்தெழுதப்படல் வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வேறுபடுத்தப்படுவதில்லை. எனவே வாசித்தலே ஒருவகைத் திருத்தலாக இருந்தது. எழுதியோர் மாணாக்கராகவோ மடத்தைச் சார்ந்தோராகவோ கூலிக்கு எழுதுவோராகவோ இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். கம்பராமாயணத்தில் இடைச்செருகலாகப் புகுந்த செய்யுள்களை ‘வெள்ளி பாடல்கள்’ எனப் புலவர் மரபு ஒதுக்கிவைத்திருப்பது, இச்சூழலிலும் பிறர் நூலுள் நுழைதல் குற்றமாகக் கருதப்பட்டமைக்குச் சான்று. ஆயினும் நூலுக்கும் ஆசிரியனுக்குமிடையிலான உறவு இன்றுள்ளது போன்றதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) பாடிய ‘குசேலோபாக்கியானம்’ அவருடைய மாணவர் வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரிலேயே வெளிவந்தது. நிலவுடைமைச் சமூகத்துப் புரவலர்-புலவர் உறவையும் ஆசான்-மாணவர் உறவையும் கருத்திற்கொள்ளாது இதனை மோசடி என்பது வரலாற்றுணர்வற்ற கூற்றாகும். பொதுவுடைமையின் தொல்வடிவம் என இதனைப் புகழ்வதும் அவ்வாறே தவறு. அந்தப் ‘பொது’வுக்குள் எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெரும்பான்மையினர் இருக்கவில்லை.

உரையாசிரியர்கள் இதில் ஒரு கட்டுப்பாட்டைப் பேணினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், நெடுந்தொலைவிற் கிடக்கும் சொற்களைப் பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொள்வார். மறைமலையடிகள் தமது முல்லைப்பாட்டாராய்ச்சியில் (1903) இதனைக் கடுமையாகச் சாடினார். சாடுதல் அவருக்கு எளிதாயிற்று. ஏனெனில் நச்சினார்க்கினியர் தம் உரையிலேதான் சொற்களை இடம்பெயர்த்தார், மூலத்தை அவ்வொழுங்கிலேயே விட்டுவைத்தார்.

அச்சு இந்நிலையை அடியோடு மாற்றியது. ஒரு சுவடியின் பிழை அச்சுவடியோடு நிற்கும்; அச்சிற் புகுந்த பிழையோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கிற் பெருகி, முகமறியா வாசகனிடம் விலைக்குச் செல்லும். சந்தைக்கான உற்பத்தி, காலனித்துவக் கல்விமுறை தோற்றுவித்த புதிய மத்தியதர வாசகர், பரீட்சைக்குரிய பாடநூல்கள் ஆகியன பதிப்பாசிரியன் என்னும் புதிய மனிதனை வேண்டிநின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரை 1868இல் வெளிவந்தபோது, அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர். பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. ‘பரிசோதித்தல்’ என்னும் அக்காலச் சொல் கவனிக்கத்தக்கது. அது பிரதிகளை ஒப்புநோக்குதலைக் குறித்தது. இன்று நாம் எளிதாக வழங்கும் ‘திருத்தல்’ அத்துணை அடக்கமுடைய சொல்லன்று.

தாமோதரம்பிள்ளை (1832-1901) 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியருரை எனப் பதிப்பித்தார். அதன் இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை இரா. இராகவையங்கார் பின்னர் நிறுவினார். தாமோதரம்பிள்ளையைக் குறைகாண விழைவோர் இன்றும் இதனை எடுத்துக்காட்டுவர். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளோடு, சொந்தப் பணத்தையும் உடல்நலத்தையும் செலவிட்டு உழைத்த ஒருவரின் பிழை இது என்பது ஒருபுறமிருக்க, நமக்கு முக்கியமானது வேறொன்று. உரை முழுவதும் ஒருவருடையது என நம்பிய பதிப்பாசிரியர், ஒருவருடையது போலத் தோன்றும்படி அதனைச் சமன்செய்துவிடவில்லை. தவறு தலைப்பில் இருந்தது. உரையின் சொற்கள் தம் இடத்திலேயே இருந்தன. உண்மை பின்னர் வெளிப்பட்டதும் அவ்வுரையின் அகச்சான்றுகளைக் கொண்டேயாகும்.

உ. வே. சாமிநாதையர் (1855-1942) இந்நெறியை ஒரு முறையியலாக வளர்த்தார். சைவச் சூழலில் கற்ற அவர், சமணக் காப்பியமாகிய சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கையில் (1887) கும்பகோணத்துச் சைனக் குடும்பத்தாரிடம் சென்று ஐயம் கேட்டார். பிற சமயத்தார் நூலைத் தம் சமயத்தின் வழியே ‘சீர்செய்யும்’ உரிமை தமக்குண்டு என அவர் கொள்ளவில்லை. 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. மகாவித்துவானிடம் பயின்ற, செய்யுள் இயற்ற வல்ல அப்புலவர் அங்கெல்லாம் புள்ளிகளையே இட்டார். பிரதிகளில் வேறுபட்ட பாடங்களை அடியிற் குறித்தார். பிரதிபேதம் என்னும் அப்பகுதியைச் சாதாரண வாசகர் பெரும்பாலும் கடந்துசெல்வர். ஆனால் பதிப்பாசிரியரின் தேர்வை மறுத்து வேறொன்றைத் தேர வாசகனுக்கு இடமளிப்பது அப்பகுதியே. ஐயருடைய சமூகக் கருத்துநிலையோடு நாம் உடன்படாத இடங்கள் பல. அவருடைய அடிக்குறிப்பு அவ்வெல்லைகளைக் கடந்து நிற்கின்றது.

இதற்கு நேரெதிர்த் துருவத்தில் நிற்பவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். கம்பனின் 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களில் உணர்ச்சியும் தாளமும் குன்றியனவாகத் தமக்குத் தோன்றியவற்றைக் கம்பனுடையன அல்ல என நீக்கினார். எஞ்சியவற்றிலும் சொற்களை மாற்றினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ அம்முயற்சியின் விளைவு. பண்டிதரிடமிருந்து கம்பனை மீட்டுப் பொதுமக்களிடம் கொடுக்க அவர் விழைந்தார் என்பதையும், ஏடெழுதுவோர் நூலைக் கெடுத்தனர் என்னும் அவரது ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மாற்றத்துக்குச் சான்று அவருடைய சுவையே. அச்சுவை ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின், ஓய்வும் கல்வியும் வாய்த்த ஒரு வட்டத்தின் சுவை என்பதை அவர் உணரவில்லை. மாற்றிய இடந்தோறும் பழைய பாடத்தைக் காட்டும் கடப்பாட்டையும் அவர் தமக்கு விதித்துக்கொள்ளவில்லை. அன்பினாற் செய்யப்படும் திருத்தமே கண்டறிதற்கு மிகக் கடினமானது.

மின்வழிக் கூட்டெழுத்தில் அடிக்குறிப்பின் வேலையை இயந்திரமே செய்கின்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எவருடைய வாக்கியத்தையும் மாற்றலாம். மாற்றப்பட்ட வடிவம், மாற்றியவரின் பெயர், நேரம் ஆகியன வரலாற்றுப் பக்கத்தில் எஞ்சும். ஐயர் ஆண்டுக்கணக்கிற் செய்ததனை அது நொடியிற் செய்துவிடுகின்றது. எனினும் எவருடைய தமிழ் எவருடைய தமிழைத் திருத்துகின்றது என்னும் வினாவை இயந்திரம் தீர்ப்பதில்லை. ஈழத்து வழக்கா தமிழ்நாட்டு வழக்கா, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பன அங்கும் விவாதத்துக்குள்ளாகியுள்ளன.

இவ்வினா நமது நாட்டிற்குப் புதியதன்று. 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபுப் போராட்டத்தில், டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோரின் கதைகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு இடம்பெற்றமையைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்றனர். முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து வென்றனர் என்றே இலக்கிய வரலாறுகள் கூறும். அவ்வெற்றி உண்மையானது, ஆனால் அது கதைமாந்தரின் உரையாடலில் மட்டும் பெற்ற வெற்றி. ஆசிரியர் கூற்றும் கட்டுரையும் பள்ளித் தமிழின் ஆட்சியிலேயே தொடர்ந்தன. இக்கட்டுரையின் நடையே அதற்குச் சான்று.

நாமும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மலரைத் தொகுத்தபோது, முதலாமாண்டு மாணவர் ஒருவரின் கட்டுரையில் ‘கதைத்தார்கள்’ என்றிருந்த இடமெல்லாம் ‘உரையாடினர்’ என மாற்றினோம். அவரைக் கேட்கவில்லை. மலர் வெளிவந்த பின் அவர் வந்து, தமது பாட்டியும் அயலவரும் உரையாடியதே இல்லை என்றார். நாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அம்மலருக்குப் பிரதிபேதம் கிடையாது. கையெழுத்துப் பிரதி அச்சகத்திலிருந்து திரும்பி வரவுமில்லை.