மனு போகும் வழி

2025 ஆகஸ்ட் இறுதியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நாம் எழுதுவதைப் படிக்கிறார்களா என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனு நடந்துவந்த தடத்தைப் பார்த்தால், மேலே இருப்பவர் படித்தாரா என்பது பாதிக் கேள்விதான் என்று தெரியும். படித்தபின் அந்தக் காகிதம் யாருடைய மேசைக்குப் போனது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பவைதான் எழுதியவரின் கதியைத் தீர்மானித்திருக்கின்றன.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தபோது, நிர்வாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கைக்கு வந்தது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ; 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தவர். நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்காரே நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை வேர் பிடித்தது இங்கேதான். இந்த முறைக்கு ஒரு விளைவு உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை. தீர்வை அதிகம் என்றாலும், விளையாத நிலத்துக்கு வரி கேட்டாலும் குடியானவன் முறையிட வேண்டிய இடம் சர்க்கார் கச்சேரிதான். ஆக, இந்த மண்ணில் மனு என்பது கருணையை எதிர்பார்த்துக் கையேந்துவதாகத் தொடங்கவில்லை. வரிக் கணக்கின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்க்கும்போதே குறைகளையும் கேட்கும் வழக்கம் இன்றுவரை நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் கேட்பவர் ஒருவர், சொல்பவர்கள் லட்சக்கணக்கில். திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பக்கமும் சேர்ந்து சேலம் மாவட்டம் பெருத்தது. கலெக்டருக்கும் குடியானவனுக்கும் நடுவே சிரஸ்தார், தாசில்தார், கணக்கர் என்று ஒரு வரிசை நின்றது. மனுவைப் படித்தவர்கள் அந்த வரிசையில் இருந்தவர்கள்தான்.

அந்த வரிசையின் மேலேயே புகார் என்றால் என்ன ஆகும்? பதில் 1855இல் அச்சில் வந்தது. காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை நாட்டவர் சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நீண்ட மனு ஒன்றை அனுப்பியது. அடுத்த ஆண்டு டான்பி சீமோர் என்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு நேரில் வந்து குடியானவர்களைப் பார்த்தார். 1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. வரி வசூலுக்காக ஆட்களை வெயிலில் நிறுத்துவதும் விரல்களை இடுக்கி நெருக்குவதும் நடக்கின்றனவா என்று விசாரிக்க ஆணையம் அமைந்தது. மூன்று மாதங்களில் அதனிடம் 1,959 புகார்கள் குவிந்தன. சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. அதைவிட முக்கியமாக, நியாயம் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதையும் அது பார்த்தது. கலெக்டர் இருக்கும் ஊர் தூரம். அங்கே போய் எழுதிக் கொடுத்தாலும் அந்த மனு விசாரணைக்கென்று தாசில்தாருக்கே அனுப்பப்பட்டது. யார்மேல் புகாரோ அவர் கைக்கே புகார் போய்ச் சேர்ந்தது. லண்டனில் ஓர் உறுப்பினர் படித்தார் என்பதற்காக மட்டும் இது வெளியே வரவில்லை. சபையில் கேள்வி எழுந்து, கம்பெனி பதில் சொல்லியாக வேண்டிய நிலை வந்ததால்தான் வந்தது. அந்தச் சபைக்கு இங்கே ஒருவருக்கும் ஓட்டு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பதில் சொல்ல வைக்கும் இந்தக் கருவி இந்தியச் சட்டசபைகளுக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. உறுப்பினர்கள் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அப்போது வந்தது. சேலம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் 1895இல் சென்னைச் சட்டசபைக்குள் போய் ஆறாண்டுகள் இருந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தில் அடக்கம். ஒரு குறை கேள்வியாக மாறும்போது ஒரு கோப்பு திறக்கப்படுகிறது, தேதி போட்டுப் பதில் தயாராகிறது, அது அச்சாகிறது. மத்தியச் சட்டசபையில் 1924இல் மனுக்களுக்கென்றே குழு அமைந்தது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்குப் போய் அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து விளக்கம் கேட்கிறது. மக்கள் பிரதிநிதி மனுவை உண்மையாகவே படிக்கும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முகாம்களுக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை என்பது வருத்தம் தருகிறது.

ஆனால் பெரும்பாலானோர் போவது திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு. தளியிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ காலையில் பஸ் ஏறி வந்து, வாசலில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதி வாங்கி, வரிசையில் நின்று எண் போட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் சொன்ன சேதி அந்தத் தாளில் அலுவலகத் தமிழாகிவிடுகிறது. ஆட்சியர் ஓரத்தில் துறையின் பெயரைக் குறிக்கிறார். அங்கிருந்து அது வட்டாட்சியருக்கு, வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு இறங்குகிறது. அவர் எழுதும் நாலு வரி அறிக்கை அதே படிகளில் மேலே ஏறுகிறது. பட்டா கொடுக்கவில்லை என்று அவர்மேலேயே புகார் என்றாலும், வழி மாறுவதற்குத் தனியாக யாராவது அக்கறை எடுத்தால்தான் உண்டு. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் அதற்கு முன்பே பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுக்கள் எதுவும் பெறப்படாமல் போகவில்லை. எல்லாம் பெறப்பட்டன, பிறகு கீழே இறங்கின.

இவ்வளவு மனுவை எந்த அமைச்சரால் படிக்க முடியும் என்று கேட்பார்கள். முடியாது. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா நாளுக்குப் பத்துக் கடிதம் படித்தார் என்று உலகமே பாராட்டியது. அன்று வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் பொறுக்கித் தந்தவர்கள் ஊழியர்கள். மொத்தமாக வரும் மனுவுக்கு மதிப்பே இல்லை என்றும் ஒரு வாதம் உண்டு. மொழிவாரி மாநிலங்களைப் பிரித்தபோது, ஓசூர் தாலுகா கன்னட மாநிலத்தில் சேரவேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்த காலத்தில், மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்கு 1,52,250 மனுக்களும் தந்திகளும் போயின. அவற்றில் சிந்தித்து எழுதப்பட்டவை சுமார் 2,000தான் என்று ஆணையமே 1955 அறிக்கையில் எழுதியது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே இருந்தது. தனி ஒருவரின் குறையானால், தேதியும் சர்வே எண்ணும் போட்ட ஒரு தாள் அச்சடித்த ஆயிரம் தாளைவிடப் பலமானது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுக் கோரிக்கையில் கூட்டத்தின் எண்ணிக்கையே ஒரு சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த குறுகிய ரயில் பாதை பிறகு பெயர்க்கப்பட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்று அடுத்தடுத்த தலைமுறைகள் கேட்டுவருகின்றன. அதில் ஒரே வாசகத்தை லட்சம் பேர் எழுதினாலும் அது வீண் இல்லை.

உள்ளூர் நிலவரம் உள்ளூர் அலுவலருக்குத்தானே தெரியும், அவரை விட்டுவிட்டு வேறு யார் விசாரிப்பது என்பது இன்னும் கனமான மறுப்பு. முதியோர் உதவித்தொகைக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அது சரி. ஒருவர் செய்யாததைப் பற்றிய புகாருக்குச் சரியில்லை. அங்கே இரண்டு ஏற்பாடு வேண்டும்: புகாருக்கு ஆளானவருக்கு ஒரு படி மேலே உள்ளவர் விசாரிக்க வேண்டும், கெடு தாண்டினால் அலுவலர் விலை கொடுக்க வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டைப் பார்க்க ஓசூர்க்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கர்நாடகம் 2011இல் சேவை உறுதிச் சட்டம் இயற்றி, 2012 ஏப்ரலில் 'சகாலா' என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சான்றிதழ் வராவிட்டால் விண்ணப்பதாரருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. அது அலுவலரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனாலும் ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியில் இருப்பவருக்குத் தாமதத்துக்குக் கணக்குக் கேட்கச் சட்டம் இருக்கிறது. இந்தப்பக்கம் இருப்பவருக்கு, சகாலா வந்து பத்தாண்டு கடந்தபின்னும், ஒப்புகைச் சீட்டும் மறுபடி ஒரு திங்கட்கிழமையும்தான் இருந்தன.