கடல் கொண்ட உறுதிகளும் கணினிக் கையொப்பமும்

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு காணி உறுதிகளையும் வாரிச் சென்றது. பெண்பிள்ளைக்கு வீடெழுதிக் கொடுக்கும் வழமையுள்ள இம்மண்ணில் உறுதி வெறும் காகிதமன்று.

இரண்டாண்டு நிறையுமுன், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. மின்வடிவில் இருப்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தின் செல்லுபடியை மறுக்கலாகாது என்றது அது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு காணி விற்பனை, அற்றோர்னித் தத்துவம், மரண சாசனம் ஆகியவற்றை விலக்கி வைத்தது. வளைகுடாவில் உழைப்பவர் வணிக ஒப்பந்தத்தில் கணினிவழி ஒப்பமிடலாம். ஊரிலுள்ள காணியை விற்க அச்சட்டம் கைகொடுக்கவில்லை.

காரணம் பழையது. காணி கைமாற நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே முன்னிலையாக வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அந்த எச்சரிக்கையை வீணென்று தள்ளிவிட முடியாது. ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த ஒரு போலிக் கையொப்பம் போதும்.

மூல உறுதியை இழந்தோருக்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று, நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதி. கையொப்பத்தை மின்மயமாக்குமுன் அப்பிரதிகளை மின்வடிவில் காப்பதே முதற்கடமை.