ஐ.வி.பி. படம் யாருடையது?

எங்க திட்டக்குடிப் பக்கம் கல்லடைப்பு என்றால் முதலில் வாழைத்தண்டுச் சாறு, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சி.டி. ஸ்கேன் பரவும் முன் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது ஐ.வி.பி. கை நரம்பில் மருந்து ஏற்றி, சில நிமிட இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுப்பார்கள். இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது நண்பர்களே.

சாதாரண எக்ஸ்ரேயில் சிறுநீர்க் குழாய் தெரியாது. 1906-இல் ஜெர்மனியில் ஃபோல்கரும் லிச்டன்பெர்க்கும் கீழிருந்து குழாய் விட்டு, வெள்ளி கலந்த கரைசல் ஏற்றிப் படம் எடுத்தார்கள். நோயாளி பாடு திண்டாட்டம்! 1923-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மேகநோய்க்கு அயோடைடு மருந்து கொடுத்தவர்களின் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தது. அயோடின் கதிரைத் தடுக்கும். ஆனால் படம் மங்கல்தான்.

அடுத்து வந்தவர் மோசஸ் ஸ்விக், நியூயார்க்கிலிருந்து உதவித்தொகையில் ஜெர்மனி போன இளம் டாக்டர். கிருமிகளைக் கொல்ல பின்ஸ், ரேத் என்ற வேதியியலாளர்கள் செய்த அயோடின் மருந்துகள் சிறுநீரில் வெளியேறுவதைக் கவனித்து, அவற்றைப் படம் எடுக்கப் பயன்படுத்தினார். அப்படித் தேறியது 'யூரோசெலக்டான்'. 1929-இல் மியூனிக் மாநாட்டில் பெயர் தட்டிச் சென்றவரோ, பெர்லினில் அவருக்கு மேலே இருந்த அதே லிச்டன்பெர்க்! நோயாளிகளும் வார்டும் அவருடையவை, அதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், ப்ராஜெக்ட் செய்தவன் ஒருத்தன், மேடையேறியவர் கைடு. ஸ்விக்குக்கு அமெரிக்காவில் பதக்கம் கொடுத்தது 1960களில்தான்.