டான்ஸிங் ரோஸுக்கு விசில் எங்கே?

பிடித்த படம் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. வடசென்னை ராயபுரத்துக்காரன் வேறு எதைச் சொல்வேன்! வெள்ளைக்காரன் காலத்தில் வேர்பிடித்த குத்துச்சண்டையை, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக்கொண்டு வளர்த்தது வடசென்னை. துறைமுகக் கூலியான கபிலனின் கதையில் நெருக்கடி நிலையும் 1976-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் வருகின்றன. எனக்கு அதுதான் படத்தின் உயிர். படத்துக்கு வெளியேயும் இந்த ஊர்க் குத்துச்சண்டைக்குக் கதை உண்டு: 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார்.

2021 ஜூலையில் படம் நேராக ஓடிடிக்குப் போனதில்தான் எனக்கு வருத்தம். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-லேயே மூடிவிட்டார்கள். படம் தியேட்டருக்கு வந்து, அகஸ்தியாவும் இருந்திருந்தால், படத்தில் வரும் குத்துச்சண்டை வீரன் டான்ஸிங் ரோஸின் காலாட்டத்துக்கு என்ன விசில் பறந்திருக்கும்!