மண்ணுக்குள் ஓர் எதிரி
அத்தியாயம் 3: மணி மணியாய் ஒரு மரணம்

நம் சேவுகம்பட்டிப் பக்கம், சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்த மாடு விடிவதற்குள் செத்துக் கிடந்து, மூக்கில் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பானோ என்று அஞ்சுவோம். அதன் கிருமி ரத்தத்தில் குச்சி குச்சியாகத் தெரிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் அந்தக் குச்சிகள் சீக்கிரமே அழிந்துவிடுகின்றன. அப்படியானால், பல ஆண்டு மந்தையே இறங்காத நிலத்தில் நோய் மறுபடி எப்படி வருகிறது?

விடை வோல்ஸ்டைன் என்ற ஜெர்மானியச் சிற்றூரில் கிடைத்தது. ராபர்ட் கோக் அங்கே அரசு மருத்துவர். ஆய்வுக்கூடம், அவர் வீடுதான். மாட்டுக் கண்ணின் உள்நீரில் கிருமியை வளர்த்து, நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தார். குச்சிகள் நூலாக நீண்டன. நூலுக்குள் மணி மணியாகப் பொட்டுகள் ஒளிர்ந்தன. நூல் கரைந்தது, மணிகள் மிஞ்சின. காயவைத்தார், சாகவில்லை. புதிய நீர் கண்டதும் மறுபடி குச்சிகளாக முளைத்தன! 1876-இல் பிரெஸ்லாவ் சென்று, தாவரவியல் பேராசிரியர் ஃபெர்டினான்ட் கோன் முன் இதை நிரூபித்தார்.

அந்த மணிதான் ஸ்போர். உள்ளே நீர் மிகக் குறைவு, வெளியே தடித்த உறைகள். வெயிலும் வறட்சியும் அதை எளிதில் அசைக்காது. 1942-இல் பிரிட்டன் ராணுவம் அடைப்பான் குண்டைச் சோதித்த குரூனார்ட் தீவை, 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து கழுவிய பிறகே, 1990-இல் திறக்க முடிந்தது.

பனியும் காக்கும். சைபீரியாவின் யமால் பகுதியில் 1941-க்குப் பிறகு வெகுகாலம் அடைப்பான் வரவில்லை. 2007-இல் கலைமான்களுக்குத் தடுப்பூசியையும் நிறுத்தினார்கள். 2016 கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டது, உறைநிலம் இளகியது. 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். பூமி சூடேறினால் பழைய கல்லறைகளும் திறக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நமக்கு முக்கியமானது இதுதான்: ஸ்போர் பிறக்கக் காற்று வேண்டும். மூடிய சடலத்துக்குள் அழுகலே குச்சிகளைக் கொன்றுவிடும். தோலுரிக்கக் கத்தி வைத்தால் நோயை மண்ணுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. சந்தேகமான சாவு என்றால் அறுக்காதீர்கள், இறைச்சியைத் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பு மருந்து நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது.

இப்படியொரு தடுப்பூசியைப் பலரும் நம்பாத பிரான்சில், 1881-இல் லூயி பாஸ்டர் ஊர் பார்க்க ஒரு பந்தயத்தில் இறங்கினார். ஊசி போட்ட ஆடுகள், போடாத ஆடுகள் இரண்டுக்கும் மே 31 அன்று கொடிய கிருமியைச் செலுத்தியாயிற்று. ஜூன் 2 அன்று தொழுவத்தில் எவை நின்றன, எவை கிடந்தன?

அடுத்த வாரம்.